என்பிஏ-வில் ஒரு வீரரைக் காசு கொடுத்து வாங்க முடியாதா?

கேள்வி இதுதான். 2025 பிப்ரவரியில், அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏ-வில் டல்லாஸ் மேவரிக்ஸ் அணி, 25 வயதே ஆன நட்சத்திர வீரர் லூகா டான்சிச்சை லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸுக்கு அனுப்பிவிட்டு அந்தோணி டேவிஸ், மேக்ஸ் கிறிஸ்டி, 2029-ம் ஆண்டின் ஒரு முதல் சுற்று டிராஃப்ட் தேர்வு (லீகுக்குப் புதிதாக வரும் இளம் வீரர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை) ஆகியவற்றைப் பெற்றுக்கொண்டது. நடுவில் யூட்டா அணியும் இருந்தது. கால்பந்து பார்த்துப் பழகியவருக்கு இதில் ஒன்றும் புரியவில்லை. லேக்கர்ஸிடம்தான் பணம் இருக்கிறதே, கொடுத்து வாங்க வேண்டியதுதானே? மூன்றாவது அணி எதற்கு? ஒப்பந்தம் முடிந்து ஃப்ரீ ஏஜென்ட் ஆன வீரர்கள்கூடப் பாதிப்பேர் பழைய அணியிலேயே கையெழுத்துப் போடுகிறார்களே, ஏன்?

எல்லாவற்றுக்கும் காரணம் சம்பள உச்சவரம்பு, அதாவது சேலரி கேப். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், சுருக்கினால் தப்பாகப் புரியும் விஷயம் இது.

2017-ல் நெய்மருக்காக பாரிஸ் அணி பார்சிலோனாவுக்கு 22.2 கோடி யூரோ கட்டியது. என்பிஏ-வில் அப்படி ஒரு வழியே கிடையாது. ஒரு டிரேடில், அதாவது அணிகள் வீரர்களை மாற்றிக்கொள்ளும்போது, ரொக்கம் கொடுக்கலாம், ஆனால் ஓர் அணி ஓர் ஆண்டு முழுவதும் கொடுக்கக்கூடிய மொத்த ரொக்கமே ஒரு கோடி டாலருக்கும் குறைவு. வீரர் கைமாறும்போது அவருடைய ஒப்பந்தம் அப்படியே கூடப் போகும். எத்தனை ஆண்டு, எவ்வளவு சம்பளம், என்னென்ன நிபந்தனை, எதுவும் மாறாது. அந்தச் சம்பளத்தை வைக்கப் புதிய அணியின் கணக்கில் இடம் இருக்க வேண்டும். இடம் இல்லையென்றால், கிட்டத்தட்ட அதே அளவு சம்பளத்தை வெளியே அனுப்ப வேண்டும். அங்கே நடக்கும் டிரேடுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டு வாக்கியத்துக்குள் அடங்கும்.

உச்சவரம்பு வந்தது 1984-85 சீசனில். அப்போது ஓர் அணிக்கு 36 லட்சம் டாலர். 2025-26 சீசனில் அது சுமார் 15.46 கோடி டாலர். லீகின் வருமானத்தில் ஏறத்தாழ பாதி வீரர்களுக்குப் போக வேண்டும் என்பது அணி உரிமையாளர்களுக்கும் வீரர் சங்கத்துக்கும் இடையிலான கூட்டு ஒப்பந்தம். அந்த வருமானத்திலிருந்துதான் உச்சவரம்பைக் கணக்கிடுகிறார்கள். டிவி ஒப்பந்தம் பெருத்தால் இதுவும் பெருக்கும்.

ஐபிஎல் ஏலத்தில் 2025-ல் ஓர் அணிக்கு 120 கோடி ரூபாய் என்றால் 120 கோடிதான், அதற்கு மேல் ஒரு ரூபாய் கிடையாது. என்பிஏ-வின் வரம்பு அப்படி இறுக்கமானது இல்லை. அதைத் தாண்டலாம். ஏறக்குறைய எல்லா அணிகளும் தாண்டித்தான் இருக்கின்றன. எப்படித் தாண்டலாம் என்பதற்குத் தனித்தனி விதிவிலக்குகள் உண்டு, ஆட்டமே அந்த விதிவிலக்குகளில்தான் இருக்கிறது.

அவற்றில் பெரியது பேர்டு உரிமை. போஸ்டனின் லாரி பேர்டு பெயரால் அழைக்கப்படுவது. ஒரு வீரர் ஃப்ரீ ஏஜென்டாக அணி மாறாமல் மூன்று சீசன் ஆடியிருந்தால், அவருடைய அணி வரம்பைப் பற்றிக் கவலைப்படாமல் அவரை மறுபடி ஒப்பந்தம் செய்யலாம். மற்ற அணிகளுக்கு வரம்புக்குள் காலி இடம் வேண்டும், சொந்த அணிக்கு வேண்டாம். இந்த உரிமை எவ்வளவு தூரம் நீளும் என்பதற்கு ஒரே ஓர் எண்ணிக்கை போதும்: 1997-98-ல் மைக்கேல் ஜோர்டனின் சம்பளம் 3.3 கோடி டாலர். அந்த ஆண்டு ஒரு முழு அணிக்கான உச்சவரம்பே 2.69 கோடிதான்.

டிரேடில் போகும் வீரரோடு இந்த உரிமையும் போகும். அதனால்தான் ஒப்பந்தம் முடிய நாலு மாதமே இருக்கும் நட்சத்திரத்துக்கும் அணிகள் டிராஃப்ட் தேர்வுகளைக் கொட்டிக் கொடுக்கின்றன. அவரை டிரேடில் வாங்கினால் கோடையில் வரம்பைத் தாண்டி ஒப்பந்தம் போடலாம். காத்திருந்து ஃப்ரீ ஏஜென்சியில் பிடிக்க வேண்டுமென்றால் பாதி அணியைக் கலைத்து இடம் உண்டாக்க வேண்டும்.

இடம் உண்டாக்குவதிலும் நுணுக்கம் இருக்கிறது. ஒப்பந்தம் முடிந்த சொந்த வீரரின் பெயரில் ஒரு குறிப்பிட்ட தொகை அணியின் கணக்கில் பிடித்துவைக்கப்படும். இதை கேப் ஹோல்டு என்பார்கள். அந்தத் தொகை அவருடைய பழைய சம்பளத்தைப் பொறுத்தது. பிலடெல்பியாவின் டைரீஸ் மேக்சி 2023-ல் ஒப்பந்த நீட்டிப்பு வாங்காமல் ஓர் ஆண்டு காத்திருந்தார். புது ஒப்பந்தத்தில் அவருக்கு முதல் ஆண்டிலேயே சுமார் 3.5 கோடி டாலர் கிடைக்க இருந்தது, ஆனால் அவருடைய கேப் ஹோல்டு சுமார் 1.3 கோடி மட்டுமே. 2024 கோடையில் அவர் கையெழுத்தைத் தள்ளிவைத்த அந்த இடைவெளியில் பிலடெல்பியா பால் ஜார்ஜை நான்கு ஆண்டுக்கு 21.2 கோடி டாலருக்கு எடுத்தது. அப்புறம் மேக்சிக்குப் பேர்டு உரிமையைப் பயன்படுத்தி ஐந்து ஆண்டுக்குச் சுமார் 20.4 கோடி. வரிசை மாறியிருந்தால் இரண்டில் ஒன்றுதான் நடந்திருக்கும். ஓர் இளம் வீரர் ஓராண்டு முழுவதும் காயம்பட்டால் என்ன ஆகும் என்ற பயத்தைச் சுமந்துகொண்டு காத்திருந்ததால் கிடைத்த வசதி அது. இந்தத் துணிச்சலை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

சரி, டிரேடுக்கு வருவோம். வரம்பைத் தாண்டிய அணி ஒன்று எவ்வளவு அனுப்புகிறதோ அதை ஒட்டித்தான் பெற முடியும். சிறிய சம்பளமென்றால் ஏறக்குறைய இரண்டு மடங்கு வரை வாங்கலாம், பெரிய சம்பளமென்றால் 125 சதவீதம் வரை. இந்தப் பொருத்தத்துக்காக நடந்த சில சம்பவங்களைக் கேட்டால்தான் விதியின் கனம் தெரியும்.

2008 பிப்ரவரியில் டல்லாஸ், நியூ ஜெர்சியிடமிருந்து ஜேசன் கிட்டை வாங்க முயன்றது. பேச்சு முடிந்து எல்லாம் தயார். கூட அனுப்பப்பட வேண்டியவர்களில் டெவியன் ஜார்ஜ் என்பவர் முடியாது என்று சொல்லிவிட்டார். பொதுவாகப் பேர்டு உரிமை வீரரோடு போகும் என்றாலும், ஓராண்டு ஒப்பந்தத்தில் இருந்த அவர் டிரேடில் போனால் அதை இழப்பார். அப்படிப்பட்டவருக்கு மறுக்கும் உரிமையை விதியே கொடுக்கிறது. இன்னொருவர் ஜெர்ரி ஸ்டாக்ஹவுஸ். நியூ ஜெர்சி தன்னை விடுவித்ததும் டல்லாஸுக்கே திரும்பி வந்துவிடுவேன் என்று வெளிப்படையாகப் பேசியதால் அவரையும் டிரேடிலிருந்து நீக்க வேண்டியதாயிற்று. இப்போது சம்பளக் கணக்கில் ஓட்டை. அதை அடைக்க டல்லாஸ் கண்டுபிடித்தது கீத் வான் ஹார்னை. 2006-க்குப் பிறகு அவர் ஆடவே இல்லை. ஆனால் அவருடைய உரிமையை டல்லாஸ் கைவிடாமல் வைத்திருந்தது. அவருக்கு 43 லட்சம் டாலர் சம்பளம் போட்டு, உடனே நியூ ஜெர்சிக்கு அனுப்பினார்கள். அந்த டிரேடுக்குப் பிறகு அவர் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை.

அதே மாதம் லேக்கர்ஸ் மெம்பிஸிடமிருந்து பாவ் கசோலை வாங்கியபோது, குவாமே பிரவுனின் முடியப்போகும் ஒப்பந்தத்தோடு ஆரோன் மக்கியின் பெயரும் சேர்ந்தது. மக்கி அப்போது பிலடெல்பியாவில் உதவிப் பயிற்சியாளராக இருந்தார். கணக்கு சரியாக வர அவரை மறுபடி வீரராகப் பதிவு செய்து மெம்பிஸுக்கு அனுப்பினார்கள். அந்த டிரேடில் போன இன்னொரு பெயர் பாவின் தம்பி மார்க் கசோல், அவர் பிற்பாடு மெம்பிஸின் தூணாகவே ஆனார். ஆனால் அன்றைக்கு எல்லோரும் பேசியது குவாமே பிரவுனைப் பற்றித்தான்: ஆட்டத்தில் பெரிதாகச் சாதிக்காத ஒருவர், அந்தக் கோடையில் காலாவதியாகும் பெரிய ஒப்பந்தம் ஒன்றை வைத்திருந்த ஒரே காரணத்துக்காக ஒரு நட்சத்திரத்துக்கு ஈடாகப் போக முடிந்தது.

வான் ஹார்ன் போன்ற ஓட்டையைப் பின்னால் அடைத்துவிட்டார்கள். ஒப்பந்தம் போட்டு உடனே டிரேடு செய்வது இப்போது சீசன் தொடங்கும் முன்பு மட்டும்தான், அதுவும் முந்தைய சீசனில் அந்த அணியில் இருந்தவரை வைத்து மட்டும்தான். அப்படியும் 2024 இலையுதிர் காலத்தில் நியூயார்க் நிக்ஸ், மினசோட்டாவிடமிருந்து கார்ல்-அந்தோணி டவுன்ஸை வாங்கியபோது ஜூலியஸ் ராண்டில், டான்டே டிவின்சென்சோ இருவர் சம்பளமும் போதவில்லை. தன்னிடம் முந்தைய சீசனில் இருந்த, யாரும் பெயர் அறியாத மூன்று பேருக்குப் புது ஒப்பந்தம் போட்டு மூன்றாவது அணியான சார்லட்டுக்கு அனுப்பித்தான் கணக்கைச் சமன் செய்தது. டிரேடுகளில் மூன்றாவது, நான்காவது அணி ஏன் வருகிறது என்ற கேள்விக்கு இதுவே விடை. சம்பளத்தை வாங்கிக்கொள்ள இடம் உள்ள ஓர் அணி தேவைப்படுகிறது. அந்த உதவிக்குக் கூலியாக அந்த அணி டிராஃப்ட் தேர்வையோ ரொக்கத்தையோ வாங்கிக்கொள்ளும்.

டிராஃப்ட் தேர்வு ஏன் இவ்வளவு மதிப்பு? முதல் சுற்றில் தேர்வாகும் இளைஞரின் சம்பளம் ஏற்கெனவே ஓர் அட்டவணையில் எழுதப்பட்டது. 1994-ல் கிளென் ராபின்சன் ஓர் ஆட்டம்கூட ஆடும் முன்பு பத்து ஆண்டுக்கு 6.8 கோடி டாலர் வாங்கினார், அடுத்த ஆண்டே அட்டவணை வந்தது. ஆக, நன்றாக ஆடும் 22 வயது வீரர் நான்கு ஆண்டுகளுக்குத் தன் உண்மை மதிப்பில் ஒரு பகுதியைத்தான் வாங்குவார். வரம்பு இருக்கும் உலகில் இதைவிடப் பெரிய வரம் ஓர் அணிக்குக் கிடையாது. 2019-ல் ஓக்லஹோமா சிட்டி தண்டர் பால் ஜார்ஜை லாஸ் ஏஞ்சலஸ் கிளிப்பர்ஸுக்குக் கொடுத்து ஷே கில்ஜஸ்-அலெக்சாண்டரையும் ஐந்து முதல் சுற்றுத் தேர்வுகளையும் வாங்கியது. அந்தத் தேர்வுகளில் ஒன்று 2022-ல் ஜேலன் வில்லியம்ஸ் ஆனது. 2025-ல் இவர்கள் இருவரையும் வைத்துத்தான் அந்த அணி சாம்பியன் ஆனது.

அணிக்கு வரம்பு இருப்பதுபோல் தனி வீரருக்கும் உச்சம் உண்டு. 1997-ல் கெவின் கார்னெட் ஆறு ஆண்டுக்கு 12.6 கோடி டாலருக்குக் கையெழுத்திட்டார். உரிமையாளர்கள் மிரண்டார்கள். 1998-99-ல் அரங்கங்களைப் பூட்டி சீசனே 50 ஆட்டமாகச் சுருங்கியது, முடிவில் தனிநபர் உச்சம் வந்தது. இன்றைய நிலையில் ஆறு ஆண்டு வரை ஆடியவருக்கு உச்சவரம்பில் 25 சதவீதம், ஏழு முதல் ஒன்பது ஆண்டு என்றால் 30, பத்தோ அதற்கு மேலோ என்றால் 35. 2017 முதல் 'சூப்பர் மேக்ஸ்' என்று ஒன்றும் இருக்கிறது. தன்னை டிராஃப்ட் செய்த அணியிலேயே, அல்லது முதல் ஒப்பந்தக் காலத்திலேயே தன்னை டிரேடில் வாங்கிய அணியிலேயே தொடர்பவர் குறிப்பிட்ட விருதுகளை வென்றிருந்தால், எட்டு, ஒன்பது ஆண்டு அனுபவத்திலேயே 35 சதவீதம் பெறலாம்.

இதனால் விளைந்த ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை. எந்த அணி கேட்டாலும் மிகச் சிறந்த வீரருக்குக் கிடைக்கும் தொகை கிட்டத்தட்ட ஒன்றுதான். பணத்தால் போட்டியிட முடியாதபோது ஊர், தட்பவெப்பம், நண்பர்கள், கோப்பை வாய்ப்பு என்பவை தீர்மானிக்கின்றன. 2010-ல் லெப்ரான் ஜேம்ஸ், டுவைன் வேட், கிறிஸ் பாஷ் மூவரும் மயாமியில் சேர்ந்ததும், உச்சத்தைவிடக் கொஞ்சம் குறைவாக வாங்கிக்கொண்டதும் இந்தச் சூழலில்தான். சின்ன ஊர் அணிகளைக் காப்பாற்றக் கொண்டுவந்த விதி, பெரிய நட்சத்திரம் விஷயத்தில் அவற்றின் கையைக் கட்டிப்போட்டது என்பது என் கருத்து.

டான்சிச் விஷயம் இங்கே வருகிறது. டல்லாஸில் இருந்திருந்தால் 2025 கோடையில் அவருக்கு ஐந்து ஆண்டுக்குச் சுமார் 34.5 கோடி டாலர் சூப்பர் மேக்ஸ் தகுதி வந்திருக்கும். அவருடைய உடல்தகுதி பற்றி நிர்வாகத்துக்குச் சந்தேகம் இருந்தது. அத்தனை பெரிய தொகையை அத்தனை ஆண்டுகளுக்கு ஒரே பெயரில் கட்டிப்போட அஞ்சினார்கள். டிரேடு ஆன நொடியில் டான்சிச் அந்தத் தகுதியை இழந்தார். 2025 ஆகஸ்டில் லேக்கர்ஸோடு அவர் போட்டது மூன்று ஆண்டுக்கு 16.5 கோடி ஒப்பந்தம், பத்தாண்டு அனுபவம் நிறையும்போது மறுபடி பேசலாம் என்ற கணக்கில். லேக்கர்ஸ், டல்லாஸ் இரண்டும் தாண்டக்கூடாத ஒரு கோட்டுக்கு மிக அருகில் இருந்தன. டிரேடு நடந்தால் தனக்குச் சேர வேண்டிய கூடுதல் தொகையை டேவிஸ் விட்டுக்கொடுத்த பிறகே எண்கள் ஒத்துவந்தன. மீதியைச் சரிக்கட்டத்தான் யூட்டா. டல்லாஸ் செய்தது தவறு என்றே நான் நினைக்கிறேன். 25 வயதில் அப்படி ஒருவர் கையில் இருக்கும்போது எண்ணிக்கை அச்சுறுத்தினாலும் கட்டியே ஆக வேண்டும். அந்த முடிவை எடுத்த பொது மேலாளர் நிகோ ஹாரிசனை அதே ஆண்டு நவம்பரில் டல்லாஸ் பதவி நீக்கியது.

அந்தக் கோடு என்ன? வரம்புக்கு மேலே இன்னும் மூன்று கோடுகள் உண்டு. 2025-26 கணக்கில் சுமார் 18.79 கோடி டாலரில் லக்சுரி டாக்ஸ் கோடு. அதைத் தாண்டினால் கூடுதல் தொகைக்கு வரி, ஆண்டுக்கு ஆண்டு தொடர்ந்து தாண்டினால் வரி விகிதம் ஏறும். அந்த வரியில் ஒரு பங்கு, கட்டாத அணிகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்படும். 19.59 கோடியில் முதல் ஏப்ரன், 20.78 கோடியில் இரண்டாம் ஏப்ரன்.

வரி மட்டும் இருந்தவரை, பணக்கார உரிமையாளர் கட்டிவிட்டுப் போகலாம். கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் 2022-ல் கோப்பை வென்றபோது அந்த சீசனுக்கான வரி மட்டும் சுமார் 17 கோடி டாலர். மற்ற உரிமையாளர்கள் கொதித்தார்கள். 2023 கூட்டு ஒப்பந்தம் பாதையையே மாற்றியது. தண்டனை பணத்தில் விழுவதற்குப் பதிலாக, அணியை மாற்றியமைக்கும் வழிகளில் விழ ஆரம்பித்தது. முதல் ஏப்ரனைத் தாண்டிய அணி டிரேடில் அனுப்பியதைவிட ஒரு டாலர்கூட அதிகம் வாங்க முடியாது. இரண்டாம் ஏப்ரனைத் தாண்டினால், இரண்டு வீரர்களின் சம்பளத்தைச் சேர்த்து ஒரு பெரிய வீரருக்கு ஈடாகக் கொடுக்க முடியாது. ரொக்கம் அனுப்ப முடியாது. நடுத்தரச் சம்பள ஒப்பந்தங்களுக்கான விதிவிலக்கும் போய்விடும். ஏழு ஆண்டு தள்ளி வரும் முதல் சுற்றுத் தேர்வு முடக்கப்படும், விடாமல் மேலேயே இருந்தால் அந்தத் தேர்வு சுற்றின் கடைசிக்குத் தள்ளப்படும்.

ஃபீனிக்ஸ் சன்ஸ் இதில் மாட்டிக்கொண்டதை நான் ஆட்டம் ஆட்டமாகப் பார்த்தேன். 2024-25-ல் கெவின் டுரான்ட் 5.1 கோடி, பிராட்லி பீல் 5 கோடி, டெவின் புக்கர் 4.9 கோடி. மயாமியிலிருந்து வெளியேறத் துடித்த ஜிம்மி பட்லரின் சம்பளம் 4.88 கோடி. சன்ஸ் இரண்டாம் ஏப்ரனுக்கு மேலே இருந்ததால் நடுத்தரச் சம்பளங்களைக் கூட்டிச் சேர்த்து பட்லரை வாங்க முடியாது. ஒரே வீரராகக் கொடுக்க வேண்டும், அந்த அளவுச் சம்பளம் உள்ளவர்கள் இந்த மூவர்தான். அனுப்ப விரும்பியது பீலை. ஆனால் பீலின் ஒப்பந்தத்தில், தன் சம்மதம் இல்லாமல் டிரேடு செய்யக்கூடாது என்ற நிபந்தனை இருந்தது. 2022-ல் வாஷிங்டன் கொடுத்த அந்த நிபந்தனை ஒப்பந்தத்தோடு ஃபீனிக்ஸுக்கும் வந்துவிட்டது. பட்லர் கோல்டன் ஸ்டேட்டுக்குப் போனார். லீகிலேயே அதிகச் சம்பளம் கொடுத்த சன்ஸ் 36 வெற்றி, 46 தோல்வியோடு கோப்பைக்கான பிளேஆஃப் சுற்றுக்கே வரவில்லை. அந்தக் கோடையில் டுரான்ட் ஏழு அணிகள் கலந்துகொண்ட டிரேடில் ஹூஸ்டனுக்குப் போனார், பீலுக்குப் பணம் கொடுத்து விடுவித்தார்கள்.

சன்ஸ் மீது எனக்கு அனுதாபம் குறைவு. அவர்கள் பெரும்பாலும் வெளியிலிருந்து வாங்கிச் சேர்த்த அணி அது. என்னை வருத்துவது போஸ்டன். 2024-ல் கோப்பை வென்றவர்கள். ஜேசன் டேட்டமும் ஜேலன் பிரவுனும் அவர்களே டிராஃப்ட் செய்து வளர்த்தவர்கள். டேட்டமின் 2024 ஒப்பந்தம் ஐந்து ஆண்டுக்குச் சுமார் 31.4 கோடி. 2025-26-க்குச் சம்பளமும் வரியும் சேர்ந்தால் 50 கோடி டாலரைத் தாண்டும் என்று கணக்குப் போட்டார்கள். 2025 மே மாதம் டேட்டமின் குதிகால் தசைநார் அறுந்ததும் முடிவு வேகமானது. ஜூரூ ஹாலிடே போர்ட்லாண்டுக்கு, கிறிஸ்டாப்ஸ் போர்ஸிங்கிஸ் அட்லாண்டாவுக்கு. ஆல் ஹார்ஃபோர்டும் லூக் கோர்னெட்டும் ஃப்ரீ ஏஜென்சியில் போய்விட்டார்கள். ஒரு சாம்பியன் அணி ஒரே கோடையில் கரைந்தது.

இந்த விதிகளுக்குள் கெட்டிக்காரத்தனமாக நடந்துகொண்டவர்களும் உண்டு. நியூயார்க்கின் ஜேலன் பிரன்சன் 2024-ல் நான்கு ஆண்டுக்கு 15.65 கோடி நீட்டிப்பை ஏற்றார். ஓராண்டு பொறுத்திருந்தால் ஐந்து ஆண்டுக்குச் சுமார் 26.9 கோடி வரை கிடைத்திருக்கும். அவர் விட்டுக்கொடுத்த இடம் அணிக்கு மூச்சுவிட வழி தந்தது. மில்வாக்கி செய்தது வேறு வகை: 2025-ல் டேமியன் லில்லார்டுக்குத் தர வேண்டியிருந்த சுமார் 11.3 கோடியை ஐந்து ஆண்டுகளுக்கு நீட்டி, ஆண்டுக்கு 2.25 கோடியாகப் பிரித்துப் போட்டு அவரை விடுவித்தது. அப்படிக் கிடைத்த இடத்தில் இண்டியானாவிலிருந்து மைல்ஸ் டர்னரை எடுத்தது. ஆடாத ஒருவரின் சம்பளம் 2029-30 வரை அவர்கள் கணக்கில் நிற்கும். இதை நான் கெட்டிக்காரத்தனம் என்று சொல்லமாட்டேன், நிர்ப்பந்தம் என்பேன்.

உச்சவரம்பு திடீரென்று எகிறினாலும் ஆபத்துதான். 2016-ல் 2,400 கோடி டாலர் டிவி ஒப்பந்தம் அமலுக்கு வந்ததும் வரம்பு ஒரே ஆண்டில் 7 கோடியிலிருந்து 9.41 கோடி ஆனது. படிப்படியாக ஏற்றலாம் என்று லீக் கேட்டதை வீரர் சங்கம் மறுத்தது. அந்த ஒரு கோடையில் ஏறக்குறைய எல்லா அணிகளிடமும் இடம் இருந்தது. கணுக்கால் காயக் காலத்தில் நான்கு ஆண்டுக்கு 4.4 கோடிக்குக் கையெழுத்திட்ட ஸ்டெஃபன் கர்ரி, உலகின் சிறந்த வீரர்களில் ஒருவராக இருந்தும் ஆண்டுக்குச் சுமார் 1.2 கோடிதான் வாங்கிக்கொண்டிருந்தார். இரண்டும் ஒன்றுசேர, 73 ஆட்டம் வென்ற வாரியர்ஸில் கெவின் டுரான்ட் சேர்ந்துவிட்டார். அடுத்த இரண்டு கோப்பையும் அவர்களுக்கே. அதே கோடையில் லேக்கர்ஸ் திமோஃபி மாஸ்காவுக்கு 6.4 கோடி, லுவால் டெங்குக்கு 7.2 கோடி கொடுத்தது, அந்தச் சுமையை இறக்கவே சில ஆண்டுகள் ஆயின. இப்போது வரம்பு ஓர் ஆண்டில் 10 சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது. 2025-26-ல் தொடங்கிய சுமார் 7,600 கோடி டாலர் டிவி ஒப்பந்தத்தால் வரும் பணமும் அப்படி மெதுவாகத்தான் இறங்கும்.

ஃப்ரீ ஏஜென்சி இப்போது வற்றிவிட்டது. 2023 ஒப்பந்தம் நீட்டிப்பில் கொடுக்கக்கூடிய உயர்வை அதிகமாக்கியதால் பெரும்பாலோர் சந்தைக்கு வரும் முன்பே நீட்டித்துக்கொள்கிறார்கள். பிடிக்கவில்லையென்றால் பிற்பாடு டிரேடு கேட்கிறார்கள். 2025 கோடையில் சொல்லிக்கொள்ளும்படி காலி இடம் வைத்திருந்த அணி ப்ருக்ளின் ஒன்றுதான். விளைவு, பிற அணிகள் தர முன்வரும் தொகையைத் தானே கொடுத்துத் தக்கவைக்கச் சொந்த அணிக்கு உரிமை உள்ள இளைஞர்கள் கதியற்று நின்றார்கள். கோல்டன் ஸ்டேட்டின் ஜோனாதன் குமிங்கா செப்டம்பர் கடைசி வரை இழுபறிப்பட்டு இரண்டு ஆண்டு ஒப்பந்தத்துக்கு இறங்கினார். பிலடெல்பியாவின் குவென்டின் கிரைம்ஸ் ஓராண்டு தொகையை ஏற்றுக்கொண்டு ஆட வந்தார். கேட்க ஆள் இல்லாத சந்தையில் உரிமை என்ற சொல்லுக்கு மதிப்பு குறைவு.

இரண்டாம் ஏப்ரன் சமநிலை கொண்டுவந்தது என்பவர்கள் 2019 முதல் 2025 வரை ஏழு ஆண்டில் ஏழு வெவ்வேறு சாம்பியன்கள் என்று காட்டுவார்கள். எண்ணிக்கை உண்மை. ஆனால் அதில் நான்கு கோப்பைகள் இரண்டாம் ஏப்ரன் என்ற விதி பிறக்கும் முன்பே வந்துவிட்டன, ஐந்தாவது வரும்போது விதி அமலுக்கே வரவில்லை.

ஓக்லஹோமா சிட்டியின் பழைய கதையை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை. 2012 இறுதிப்போட்டியில் ஆடிய அந்த அணியில் டுரான்ட், ரஸ்ஸல் வெஸ்ட்புரூக், ஜேம்ஸ் ஹார்டன் மூவரும் இருந்தார்கள், மூவரையும் அந்த அணியே டிராஃப்ட் செய்தது. ஹார்டனுக்கு நான்கு ஆண்டுக்குச் சுமார் 5.5 கோடி தர முன்வந்தார்கள், அவர் கேட்ட உச்சத் தொகைக்கு அது சுமார் 45 லட்சம் டாலர் குறைவு. வரிக்குப் பயந்து அக்டோபரில் ஹூஸ்டனுக்கு அனுப்பினார்கள். 2014-ல் டுரான்ட், 2017-ல் வெஸ்ட்புரூக், 2018-ல் ஹார்டன் என மூவரும் லீகின் மிகச் சிறந்த வீரர் விருதை வாங்கினார்கள். மூவரும் சேர்ந்து ஒரு கோப்பைகூட வெல்லவில்லை.

அதே ஊர் இப்போது மறுபடி அந்த இடத்துக்கு வருகிறது. 2025 ஜூலையில் கில்ஜஸ்-அலெக்சாண்டருக்கு நான்கு ஆண்டுக்கு 28.5 கோடி, வில்லியம்ஸுக்கு ஐந்து ஆண்டுக்கு 28.7 கோடி வரை, செட் ஹோம்கிரெனுக்கு 25 கோடி வரை ஒப்பந்தம் போட்டார்கள். 2026-27 முதல் இந்தச் சம்பளங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறும்போது இரண்டாம் ஏப்ரன் கோடு அவர்கள் தலைக்கு மேல் நிற்கும், சுற்றியிருக்கும் நல்ல வீரர்களில் சிலரை விட வேண்டிவரும்.

என் யோசனை ஒன்றுதான்: டிராஃப்டில் எடுத்து வளர்த்த வீரரின் சம்பளத்தில் ஒரு பகுதியை ஏப்ரன் கணக்கிலிருந்து கழிக்க வேண்டும். பேர்டு உரிமை 1980-களில் எந்த எண்ணத்தோடு வந்ததோ அதே எண்ணம் இதிலும் இருக்கிறது. நட்சத்திரங்களை வாங்கிச் சேர்ப்பவருக்கு விதி கடுமையாகவே இருக்கட்டும், வளர்த்தவருக்கு அதே கடுமை வேண்டாம். இதை எதிர்ப்பவர்கள் சொல்லும் காரணமும் நியாயம்தான்: அதிர்ஷ்டத்தில் முதலிடத் தேர்வு கிடைத்த அணிக்கு இரட்டிப்புப் பயன் போகும். அதற்குக் கழிவு விகிதத்துக்கு ஓர் உச்சம் வைக்கலாம். இப்போதைய கூட்டு ஒப்பந்தம் 2029-30 வரை ஓடும், 2028-29 முடிவில் இரு தரப்பில் எவரும் விலகிக்கொள்ளலாம். வீரர் சங்கம் அந்த மேசையில் முதலில் வைக்க வேண்டிய கோரிக்கை இது.